வாடகைக்கு விட்டது யார்?

டெலிபோன் அடித்தது.

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஷெரில் ஸ்கெல்டன் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்வை போனுக்குப் போகவில்லை. ஜன்னலுக்குப் போனது.

ஜன்னலுக்கு வெளியே ஓர் அலுமினிய ஏணி. ஏணியில் இரண்டு பழுப்பு நிற பூட்ஸ்...

பூட்ஸுக்கு மேலே இருப்பது ஜன்னலில் தெரியாது. ஆனால் யார் என்று அவளுக்குத் தெரியும்.

மாதாமாதம் வாடகை வாங்கும் வீட்டுக்காரர் டெரிக் மம்பி!

கூரையோரக் குழாயில் அடைத்துக்கொண்ட இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வருவார். சனிக்கிழமை தவறாமல் ஆறு முட்டை கொண்டுவருவார். இங்கிலாந்தின் க்ரிம்ஸ்பி ஊரில் இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைப்பாரா என்று அவளோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த மனிதருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி விசாரிக்கத்தான் இந்த போன்.

ஷெரிலுக்குக் கன்னமெல்லாம் சூடாகியது. வெட்கம்! முட்டையை வாங்கித் தின்றுகொண்டே முதுகுக்குப் பின்னால் வேவு பார்க்கிறோமே என்கிற வெட்கம்.

கார்ட்லெஸ் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலிலிருந்து தள்ளிப் போனாள்.

"ஹலோ..."

"நேத்து எங்க வீட்டுக் கடன் கம்பெனிக்கு போன் பண்ணி நம்பர் விட்டிருந்தீங்க. இந்த கால் பதிவாகும்மா, பரவாயில்லையா?" என்றது ஒரு பெண் குரல்.

"பரவாயில்ல..."

"என்ன விஷயம்மா?"

என்ன விஷயம்! அதைச் சொல்ல நாலு வருடம் பின்னால் போக வேண்டும்.

இதற்கு முன்னால் இருந்த வீட்டில் ஒரு நாள் காலை, சாப்பாட்டு நேரத்தில் கோர்ட் ஆட்கள் வந்தார்கள். அந்த வீட்டுக்காரன், தானே குடியிருப்பதாகச் சொல்லிக் கடன் வாங்கிய வீடு அது. கடன் கொடுத்தவர்களின் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விட்டிருந்தான். தவணையும் கட்டவில்லை. கெட்டில், மெத்தை, மகள் கீலியின் பாடப்புத்தகங்கள் எல்லாம் நடைபாதைக்கு வந்தன. எதிர்வீட்டு ஜன்னல்களில் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. ஷெரில் தலையைத் தூக்கவே இல்லை.

முன்கூட்டியே கடிதம் வந்திருந்தது. 'குடியிருப்பவருக்கு' என்று உறையின் மேலேயே அச்சடித்திருந்தது. அது ஒரு மாதமாக பிஸ்கட் டின்னில் கிடந்தது.

ஏன் அவள் அதைப் படிக்கவில்லை?

அந்தக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகளிடம்கூட.

போன வாரம் ரேடியோவில் ஒரு வக்கீல் பேசினார். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கடன் கொடுத்தவரின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்கக் கூச்சமாக இருந்தால் நிலப்பதிவேட்டில் பாருங்கள் என்றார். ஷெரிலுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நூலகத்துக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நூலக ஊழியர் பெரில், விலாசத்தைக் கேட்டு இரண்டு தாள்களை அச்சடித்தாள். முதல் தாளை நாகரிகமாகக் கவிழ்த்து நீட்டினாள். இரண்டாவது தாளில் இருந்த கடன் கம்பெனியின் போன் நம்பரை மட்டும் பெரிய எழுத்தில் குறித்துக் கொடுத்தாள். அடுத்தவர் வீட்டு விஷயத்தைப் பார்க்கிற பழக்கம் தனக்கு இல்லை என்றாள்.

வீட்டுக்கு வந்து முதல் தாளை விரித்தபோது ஷெரிலுக்குக் கொஞ்சம் குழப்பம். டெரிக் பெயரின் முதல் எழுத்தைத் தேடினாள். எங்கும் இல்லை. தன் பெயர்தான் நடுவில் பளிச்சென்று இருந்தது. தாளைக் கேட்டு வாங்கியவள் பெயரைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தாள் இப்போதும் சமையலறை மேஜையில்தான் கிடந்தது.

"அம்மா... லைன்ல இருக்கீங்களா?"

ஷெரில் குரலைத் தாழ்த்தினாள். "நான் இந்த வீட்ல வாடகைக்கு இருக்கேன். வீட்டுக்காரர் உங்ககிட்ட கடன் வாங்கியிருக்கார். வாடகைக்கு விட உங்க அனுமதி வாங்கியிருக்காரான்னு தெரியணும். அவருகிட்ட சொல்லிடாதீங்க..."

"கடன் வாங்கினவரைத் தவிர யாருகிட்டயும் நாங்க பேசக் கூடாதும்மா. உங்க பேரு?"

சொன்னாள்.

பிறந்த தேதியைக் கேட்டாள் அந்தப் பெண். அதையும் சொன்னாள். தெருவின் அஞ்சல் குறியீட்டையும் சொன்னாள்.

கீபோர்டு தட்டும் சத்தம்.

"மிஸஸ் ஸ்கெல்டன்... நீங்க என்ன விளையாடறீங்களா?"

"ஏன்?"

"கடன் வாங்கினதே நீங்கதான்."

ஷெரில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடு உங்க பேர்ல. கடன் உங்க பேர்ல. மூணு மாசமா தவணை வரல. எழுதின லெட்டர் எதுக்கும் பதில் இல்ல. அடுத்த வியாழக்கிழமை கோர்ட்ல கேஸ். வீட்டைத் திருப்பி எடுக்கப் போறோம்." குரல் கொஞ்சம் தயங்கியது. "இப்ப நீங்களே, இது அனுமதி இல்லாம வாடகைக்கு விட்ட வீடுன்னு வேற சொல்லியிருக்கீங்க. அதையும் நான் எழுதிக்கணும்மா."

தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டாள்!

கடிதங்கள்... இந்தத் தெருவில் தபால் திருடு போகிறது என்று சொல்லி, வாசல் சுவரில் ஒரு பூட்டுப் பெட்டி மாட்டினவர் டெரிக். சாவி அவரிடம். தினமும் நாயோடு நடந்துபோகும்போது பெட்டியைத் திறந்து, அவளுடைய கடிதங்களைக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போவார்.

எல்லாக் கடிதங்களையுமா போட்டார்?

அப்புறம் அந்த வக்கீல் ஆபீஸ்! இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐந்து வருடத்துக்கு யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாதபடி ஒப்பந்தம் போடலாம் என்று டெரிக் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். கத்தையாகத் தாள்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டீர்களா என்று அவசரமாகக் கேட்டார் வக்கீல். படித்துவிட்டேன் என்றாள் ஷெரில். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

ஜன்னலைப் பார்த்தாள்.

பூட்ஸ் அசைந்தது. ஒரு படி இறங்கியது... இன்னொரு படி...

ஏணி காலியானது.

பின்கதவின் கைப்பிடி திரும்பியது.

ஷெரில் போனை அணைக்காமலே ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அதன் மேல் துடைக்கும் துணியைப் போட்டாள்.

"டீ கிடைக்குமா கண்ணு?" டெரிக் உள்ளே வந்து கையுறையைக் கழற்றினார். அறுபது வயது. சிவந்த முகம். பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். "யாரு போன்ல?"

"ஸ்கூல்ல இருந்து."

"லீவு நாள்லயுமா..." என்றவர் மேஜையைப் பார்த்தார்.

தாளைப் பார்த்தார்.

சிரிப்பு மெதுவாக அணைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"யாரு படிச்சுச் சொன்னாங்க?"

அவருக்குத் தெரியும்!

நாற்பத்தாறு வருடமாக அவள் மறைத்தது. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லிச் சொல்லி மறைத்தது. அதற்காக ஒரு கண்ணாடியே வாங்கி வைத்திருந்தாள். வெறும் கண்ணாடி. பவர் கிடையாது.

"எப்படி..."

"முதல் நாளே தெரியும் கண்ணு. வாடகை ஒப்பந்தத்தை உன் கையில கொடுத்தேனே, ஞாபகம் இருக்கா? மூணு பக்கத்தையும் ஒவ்வொண்ணா, ஒரே அளவு நேரம் பார்த்த. நாலாவது பக்கம் வெத்துத்தாள். அதையும் அதே அளவு நேரம் பார்த்து, தலைய ஆட்டின."

ஷெரிலுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஏமாற்றியவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏமாந்தவள் தலை குனிந்து நிற்கிறாள். அநியாயம் என்று தெரிந்தும் தலை நிமிரவில்லை.

டெரிக் அவசரப்படவில்லை. தொழில் படுத்துவிட்டது, வீட்டு விலையும் படுத்துவிட்டது, வெளியே யாரும் வாங்க வரவில்லை, அதனால் அவளுக்கே விற்றதாக எழுதி அவள் பெயரில் கடன் வாங்கினேன் என்று மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். அவள் சம்பளச் சீட்டும் பாஸ்போர்ட் நகலும் முதல் மாதமே அவர் கைக்கு வந்துவிட்டன. வாடகைக்கு வருகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் அதையெல்லாம் வாங்குவது வழக்கம்தானே. வீட்டுக்காரரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

"போலீசுக்குப் போவேன்," என்றாள் ஷெரில். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"போயேன். கையெழுத்து உன்னுது. படிச்சேன்னு வக்கீல்கிட்ட சொன்னதும் நீதான். ஏன் படிக்கலன்னு கோர்ட்ல கேப்பாங்க. எழுந்து நின்னு சொல்லுவியா?" குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "உன் பொண்ணு லீட்ஸ்ல டீச்சருக்குப் படிக்கிறா இல்ல? அவளுக்குத் தெரியுமா, அம்மா இப்படின்னு?"

ஷெரில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்ல மாட்ட கண்ணு. அந்தக் காலை நேரத்துல உன் சாமானெல்லாம் தெருவுல கிடந்தப்பகூட நீ சொல்லல. நீயே என்கிட்ட அழுதுகிட்டே சொன்ன கதைதானே அது. பிஸ்கட் டின்னுல லெட்டர்னு நீ சொன்னதுமே எனக்கு உறுதியாயிடுச்சு. வியாழக்கிழமை நான் ஸ்பெயின்ல இருப்பேன்."

ஷெரில் ரொட்டி டப்பாவைப் பார்த்தாள்.

துணிக்கு அடியில் போன். போனுக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு பெண். பதிவாகிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சொல்லும்...

சொல்லாமல் விட்டால் வீடு போகும். பட்டமும் கிடைக்கும், மோசடிக்காரி என்று. சொன்னால்... சொன்னால் அது என்றைக்கும் பதிவில் இருக்கும். யார் யாரோ கேட்பார்கள்.

வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணில் நீர் கோத்தது. மறுபடி திறந்தாள்.

"மிஸ்டர் மம்பி... எனக்குப் படிக்கத் தெரியாது."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வாக்கியத்தை அவள் காதே கேட்டது.

"என் பேரைத் தவிர ஒரு வரி படிக்கத் தெரியாது," என்றாள், இந்த முறை இன்னும் உரக்க. "அது தெரிஞ்சுதான், ஒப்பந்தம்னு பொய் சொல்லி, வீட்டை என் தலையில கட்டி, கடன் பணத்தை நீங்க எடுத்துக்கிட்டீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப? சத்தம் போடாத. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"பக்கத்து வீட்டுல கேக்காது."

துணியை எடுத்தாள்.

"எனக்குக் கேக்குது மிஸ்டர் மம்பி," என்றது போன். "ஒண்ணுவிடாம பதிவாயிருக்கு. இன்னொரு லைன்ல போலீசுக்கும் சொல்லியாச்சு."

டெரிக் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. பின்கதவு வழியாக ஓடினார். காரைக் கிளப்பினார். ஏணியைக்கூட எடுக்கவில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் சாலையில், பெட்ரோல் போட நின்ற இடத்தில் பிடித்தார்கள். காரின் பின்சீட்டில் இருந்த சூட்கேஸில் ஷெரில் பெயருக்கு வந்த முப்பத்தோரு கடிதங்கள்!

அன்று மாலை ஷெரில் லீட்ஸுக்கு போன் செய்தாள். அடுத்தவர் சொல்லித் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். மூன்று தடவை நம்பரை அழுத்திவிட்டு வைத்தாள். நாலாவது தடவை கீலி எடுத்தாள். ஷெரில் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.



"எட்டு வயசுலேயே தெரியும்மா," என்றாள் மகள். "ஸ்கூல்ல இருந்து வந்த சீட்டுல எல்லாம் நானே உன் கையெழுத்தைப் போட்டுக்குவேன். உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு சொல்லல."

இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்ற, இத்தனை வருடமாக ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுவாரம் போலீஸ் ஸ்டேஷன். கோர்ட் கேஸைத் தள்ளி வைத்துவிட்டது. வீடு யாருடையது என்று முடிவாகும்வரை ஷெரில் அங்கேயே இருக்கலாம். சார்ஜென்ட் ஹோல்நெஸ் இளைஞர், பொறுமைசாலி. ஒவ்வொரு தாளையும் வரி வரியாகப் படித்துக் காட்டிய பிறகே அவள் முன்னால் பேனாவை வைத்தார். கடைசித் தாளுக்கு வந்தபோது தலையைச் சொறிந்தார்.

"இது ஒண்ணு மட்டும் கடன் கம்பெனி அனுப்பினது. அவங்க கம்ப்யூட்டர் தானா போட்ட கடுதாசி போல. 'அனுமதி இல்லாமல் வாடகைக்கு விட்டதாக வீட்டு உரிமையாளர் ஷெரில் ஸ்கெல்டன் மீது புகார். புகார் கொடுத்தவர், வாடகைக்கு இருக்கும் ஷெரில் ஸ்கெல்டன்.'" அடக்கப் பார்த்தும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுக்காரியா நீங்க பதில் சொல்லணுமாம். உங்க வீட்ல குடியிருக்கற அம்மா எப்படி?"

ஷெரில் கைப்பையிலிருந்து அந்தப் பவர் இல்லாத கண்ணாடியை எடுத்தாள். அவர் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள்.

"தங்கமானவ சார். படிக்காம கையெழுத்துப் போடறது ஒண்ணுதான் குறை. அதான், செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்புல அவளை நானே சேர்த்துவிட்டிருக்கேன்... போகலன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்!"