மிளகளவு கறை

காலையில் கத்தியிலிருந்து தேய்த்து எடுத்த கறை, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதே இடத்தில் இருந்தது. மிளகளவுதான். ஆனாலும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமனாரின் பழைய சவரக்கத்தி அது. "மாமா, இதெல்லாம் பொறுமை உள்ளவங்க பண்ற வேலை," என்று சிரித்துவிட்டுத்தான் மச்சினன் கொடுத்துப் போயிருந்தான். சாயங்காலம் வாங்க வருவான். அதற்குள் புதுசு போல ஆக்காவிட்டால் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவான்.

வாஷ்பேசின் மேல் குனிந்து, தக்கையில் சுற்றிய உப்புத்தாளை நனைத்து ஒரே திசையில் தேய்த்தான். ஈர இரும்பின் வாடை மூக்கில் ஏற, சரக் சரக் என்ற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆள் நின்று தேய்ப்பது போலக் கேட்டது. கறை அசையவில்லை.

"ஏங்க, கழுத்தெல்லாம் ஒரே அரிப்பா இருக்கு," என்றாள் மனைவி, படுக்கையறையிலிருந்து.

"பவுடர் போட்டுக்கோ."

நைசான தாளுக்கு வந்தபின் முரட்டுத் தாளுக்குத் திரும்பக் கூடாது; பட்ட பாடெல்லாம் கீறலாகிவிடும். அவனுக்கும் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இருப்பதிலேயே முரட்டுத் தாளை எடுத்து, அழுத்தி ஓர் இழு இழுத்தான்.

"ஸ்ஸ்... ஐயோ, எரியுதுங்க!"

"கொஞ்சம் சும்மா இரேன்! நானே இங்க மண்டை காஞ்சு கிடக்கேன்!"

தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. கறை மங்கியது. சனியன், ஒழிந்தது! உடனே நைசான தாள். அதைவிட நைசான தாள். கத்தி மின்னியபோது வாய்விட்டுச் சிரித்தான்.

கழுவினான். கறுப்பாக ஓட வேண்டிய தண்ணீர் சிவப்பாக ஓடியது.

விரல்களைப் பார்த்தான். பத்தும் சரியாக இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. குழாயை மூடினான். அவள் எரியுதென்று அலறி எவ்வளவு நேரம் ஆயிற்று? அதற்கப்புறம் சத்தமே இல்லை.

"ஏம்மா?"

அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. அது போதும். கத்தி நாசமாய்ப் போகட்டும்.

நாலே எட்டு. கதவு.

கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பினாள். முகம் தெளிவாக இருந்தது.

"இப்ப அரிக்கவே இல்லங்க. தொட்டுப் பாருங்களேன்."

தாடைக்குக் கீழே தோல் இல்லை. காதிலிருந்து காது வரை மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓட, கழுத்து பளபளத்தது. அவள் மூச்சு விட்டாள். அந்தப் பளபளப்பில் தெரிந்த அவன் முகம் மெல்ல ஏறி இறங்கியது.