ரெண்டு பாஷைக்கும் ஒரே சொல்

"எதுக்குங்க எம்மேல கத்திய நீட்டுறீங்க?"

சைத்ரா போட்ட சத்தத்தில் மார்னிங் ஸ்டார் ரெஸ்டாரண்ட் மொத்தமும் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. எதிரே இருந்தவனுக்குக் கத்தியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே விழித்துக்கொண்டிருந்தான். நல்ல பெரிய கண்கள்... திருட்டு முழி இல்லை என்பதை அந்தக் கோபத்திலும் அவள் கவனித்துவிட்டாள்.

"நீங்கதானங்க கேட்டீக? சாக்கு, சாக்குன்னு..."

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை என்றும் சொல்ல முடியாத, தூறல் என்றும் சொல்ல முடியாத ஓசூர் இழுவை. இருக்கிற எல்லா மேஜையும் நிரம்பிவிட, வாசலில் நனைந்து நின்றவனைக் கூட்டிவந்து, தனியாக இருந்த சைத்ராவுக்கு எதிரில் உட்கார வைத்தார் சர்வர் சவரியப்பன். கட்லெட்டின் மேல் அவர் வெள்ளை சாஸை ஊற்ற ஊற்ற, "ஸாக்கு... ஸாக்கு" என்றாள் இவள். பக்கத்துத் தளி ஊர்க்காரி, வீட்டில் பேசுவது கன்னடம். கன்னடத்தில் 'ஸாக்கு' என்றால் 'போதும்' என்று அர்த்தம். 'ச்சாக்கு' என்றால் கத்தி. அவனோ சாத்தூரிலிருந்து பிழைக்க வந்து, சிப்காட் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களிடம் பொறுக்கிய நாலு கன்னட வார்த்தையை வைத்துக் காலம் தள்ளுகிறவன். அவன் காதுக்கு எல்லாச் சகரமும் ஒன்றுதான். பாவம், கத்தி கேட்கிறாளே என்று தன்னுடையதை எடுத்துக் கொடுத்தான்.

"எங்கூர்ல சாக்குன்னா கோணிங்க," என்றான் அவன், எல்லாம் விளங்கிய பிறகு. "அதுன்னு நெனச்சிருந்தா இந்த மழையில கோணிக்கு எங்க அலைவேன்?"

"பேரு?"

"தங்கதுரை. ஒங்க பேரு?"

"சைத்ரா."

"ஸைத்ரா..."

"ஸை இல்லீங்க. ச்சை... ச்சைத்ரா."

"ச்சைன்னு எப்படிங்க கூப்பிடுறது? திட்டுற மாதிரில்ல இருக்கு!"

வாயில் இருந்த கட்லெட் புரைக்கேறி அவள் இருமினாள். அவன் தண்ணீரை நகர்த்தி வைத்தான். அன்றைக்கு இருவரும் எழுந்திருக்கும்போது மழை விட்டு வெகுநேரமாகியிருந்தது.

மார்னிங் ஸ்டாரில் அது பெரிய அதிசயம் இல்லை. பெங்களூர் கண்டோன்மெண்டில் துரைகளுக்குச் சமைத்த ஒருவர் ஆரம்பித்த கடை. இப்போது கல்லாவில் அவர் பேரன். சூப் குடித்து முடித்தால்தான் கட்லெட் வரும். கட்லெட் முடிந்தால்தான் சிக்கன் ரோஸ்ட். அதெல்லாம் ஆகி, கடைசியில் குட்டிக் கிண்ணத்தில் காரமல் கஸ்டர்ட். 'அவசரமாகச் சாப்பிட வேண்டியவர்கள் எதிரிலுள்ள மெஸ்ஸுக்குச் செல்லவும்' என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் ஷிப்ட் சங்குக்கு ஓடுகிற இடத்தில் இப்படி ஒரு கடை இருப்பதே சைத்ராவுக்குப் பிடிக்கும். ஹாஸ்டல் சாப்பாட்டிலிருந்து தப்பிக்க வாராவாரம் வருவாள்.

அடுத்த வாரமும் அவன் வந்தான். அதற்கடுத்த வாரமும்... மேஜைகள் காலியாக இருந்தன. இருந்தும் சவரியப்பன் எதுவும் கேட்காமல் அவனை இவள் எதிரிலேயே உட்கார வைத்தார். அந்த மனுஷனுக்குத் தெரியாததா?

"பால ஹாலுங்கிறீக, பூவ ஹூவுங்கிறீக. எங்க 'ப'வையெல்லாம் யாருங்க களவாண்டுட்டுப் போனது?"

"ஓட்டைத் தமிழ வெச்சிக்கிட்டு எங்க பாஷையக் கிண்டல் பண்றீங்களா? வாரீக, போறீகன்னு நீங்க பேசுறதுதான் எனக்குப் புரியல."

இப்படியே வாய்ச்சண்டையில் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. சொல்ல வேண்டியதை மட்டும் இருவரும் சொல்லவில்லை. செல்போனில் இன்கமிங் இலவசமாகி எவ்வளவோ நாளாகியும் நம்பர் கேட்க அவனுக்குக் கூச்சம். கேட்காமல் கொடுக்க இவளுக்கு ரோஷம்.

இதற்கிடையில் தளியிலிருந்து அப்பா திம்மராயன் நெருக்கிக்கொண்டிருந்தார். ஆனேக்கல்லில் ஒரு மாப்பிள்ளை. நிலம் இருக்கிறது, நல்ல குடும்பம், நம்ம பாஷை. "சரின்னு ஒரு வார்த்த சொல்லும்மா" என்று போனில் கேட்கும்போதெல்லாம் சைத்ரா பேச்சை மாற்றினாள். யாருக்காக மாற்றுகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஆளுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

இன்று கேட்டுவிடுவது என்று அவள் துணிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை... கட்லெட் வந்த நேரம், வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தது. மார்க்கெட்டுக்கு ரோஜா ஏற்றிவந்த வண்டியிலேயே அப்பா வந்து இறங்கியிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல்.

"இங்கதான் இருப்பேன்னு ஹாஸ்டல்ல சொன்னாங்க," என்றார் கன்னடத்தில். பிறகு தங்கதுரையை மேலும் கீழும் பார்த்தார். "இது யாரும்மா?"

சைத்ரா பார்வையைத் தட்டுக்கு இறக்கினாள்.

"யாரோ..." என்றாள் அதே கன்னடத்தில். "எடமில்லன்னு உக்காந்திருக்காரு."

இத்தனை வாரமும் அது வேறு, இது வேறு என்று சிரித்துச் சிரித்துப் பேசினார்களே... இந்த ஒரு சொல் மட்டும் இரண்டு பாஷைக்கும் ஒன்றாக இருந்து தொலைத்தது. கன்னடத்திலும் யாரோ. தமிழிலும் யாரோ. அவனுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தங்கதுரை தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். "ஒக்காருங்கய்யா. நான் அங்கிட்டுப் போறேன்." அவளை ஒரு தடவை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பழக்கமில்லாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜைக்குப் போனான்.

அப்பா நிதானமாக ரொட்டியைப் பிய்த்து சூப்பில் தோய்த்தார். சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்து வைத்தார். "பையன் நல்லா இருக்கான் பாரு. நீ சரின்னா நாளைக்கே ஆளனுப்பிடலாம்."

சைத்ரா போட்டோவைப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்தும், தங்கதுரை பில் கேட்பது காதில் விழுந்தது. கஸ்டர்ட் வேண்டாமாம். கஸ்டர்ட் சாப்பிடாமல் மார்னிங் ஸ்டாரிலிருந்து எழுந்தவன் யார் இருக்கிறான்? இவன் இனி வரமாட்டான்... ரோஷக்காரன், வரவே மாட்டான். எந்தக் கம்பெனி, எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. இந்த வாசலைத் தாண்டினால் நிஜமாகவே யாரோ ஆகிவிடுவான்.

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அப்பா கூப்பிட்டது கேட்டது. நிற்காமல் நேராகப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"யாரோ பக்கத்துல எதுக்குங்க ஒக்காருறீக?"

பதில் சொல்வதற்குள் அப்பாவே போட்டோவும் கையுமாக வந்துவிட்டார். சைத்ரா நிமிர்ந்து, வேண்டுமென்றே தமிழில் சொன்னாள். கன்னடத்தில் சொன்னால் இந்த ஆளுக்கு என்னவென்று கேட்டுத் தொலைக்குமோ, யார் கண்டது!

"யாரோன்னு சொன்னது பொய்யிப்பா. பயத்துல சொல்லிட்டேன். இவரு பேரு தங்கதுரை. வாராவாரம் இவரு கூடத்தான் சாப்பிடுறேன். ஆனேக்கல்காரங்களுக்கு வேணாம்னு சொல்லிடுங்க. கட்டினா இவரத்தான் கட்டுவேன்."

சவரியப்பன் கையில் இருந்த தட்டுகளைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுக் கவனித்தார்.

திம்மராயன் மகளை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். "ஏம்ப்பா, இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா," என்றான் தங்கதுரை எழுந்து நின்று. "எனக்கே இப்பத்தான் சொல்றாக."

"நீ என்ன சொல்ற?"

அவன் முகம் சிவந்துபோயிற்று. "அய்யா... எனக்கு இந்த வெள்ள சாசு சுத்தமாப் பிடிக்காதுங்க. முள்ளுக்கரண்டி பிடிக்காது. காரஞ்சாரமா சோறு தின்னு வளந்தவன் நான். வாராவாரம் இதத் திங்கிறேன்னா... ஒங்க மக இங்கன வாராகளேன்னுதான்."

சவரியப்பனின் முகம்தான் வாடிப்போயிற்று. சைத்ராவுக்கோ அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

திம்மராயன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சொந்த ஊர், அம்மா அப்பா, கம்பெனி எல்லாம் விசாரித்தார். கேட்ட எதுவும் அவருக்குப் பிடித்த மாதிரி தெரியவில்லை. பெருமூச்சு விட்டபடி கையிலிருந்த போட்டோவைச் சட்டைப் பையில் திருப்பிப் போட்டார்.

"ஆனேக்கல்லுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உங்கம்மாவுக்கு நீயே சொல்லிக்க," என்றார் மகளிடம். அவனிடம், "அடுத்த வாரம் தளிக்கு வா. பேசலாம். சரின்னு நான் இன்னும் சொல்லல, ஆமா," என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

மேஜையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். அவன்தான் மெதுவாகக் கேட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம நேரா அப்பாகிட்ட போய்ச் சொல்லிட்டீகளே... எங்கிட்ட சொல்ல என்னங்க?"

சைத்ரா தலை நிமிரவில்லை. மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"உங்ககிட்ட சொல்லத்தாங்க பயம். அப்பா மாட்டேன்னா, உங்ககிட்ட வந்து அழுவேன்... நீங்களே மாட்டேன்னுட்டா, நான் யாருகிட்டங்க போய் அழுவேன்?"