பூசாத மெழுகு

உலர்கூடத்துக்குள் போவதற்கு முன் பெண்கள் வாசலில் நின்று உதட்டுக்கு மெழுகு பூசிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் சிமிழைத் திறந்து சுவரில் பதித்திருந்த, பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று படிக்கும் சேர்மக்கண்ணிடம் காட்டினாள். தீங்கில்லை என்று கண் பச்சையாக ஒளிர்ந்ததும் கதவு திறந்தது. உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண் பச்சை காட்டிவிட்ட பொருளைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கும் வழக்கம் நாட்டில் யாருக்கும் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஓசூருக்கு வெளியே இருந்தது அந்த மின்கல ஆலை. லித்தியத் தகடு ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதனால் உலர்கூடத்தின் காற்றிலிருந்து தண்ணீரை ஒட்ட உறிஞ்சி எடுத்திருந்தார்கள். பாலைவனத்தில்கூட அப்படிக் காயாது. ஆரம்பக் காலத்தில் பெண்களுக்கு அரை ஷிஃப்ட் முடிவதற்குள் உதடு வெடித்து, முகமூடியின் உள்பக்கம் ரத்தம் ஒட்டியிருக்கும். ஆலையின் மருத்துவர் இந்திராணி அதையெல்லாம் பார்த்தவள். கன்னத்துத் தோல் மாதிரி உதட்டில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, மேல்தோலும் மெல்லிசு, காய்ந்தால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் அவள் சொல்வாள். உதட்டில் பூசுவது எதுவானாலும் பாதி வயிற்றுக்குத்தான் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

உயிர்மெழுகு வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு வேலையில்லாமல் போயிற்று. அது நுண்ணுயிர்களால் ஆனது. உதட்டில் பூசினால் அங்கேயே வாழ்ந்து, மெழுகைச் சுரந்து, காற்றில் ஈரமே இல்லாத இடத்திலும் உதட்டை இளநீர் வழுக்கைபோல வைத்திருந்தது. லேசாக வெள்ளரிப் பிஞ்சின் வாசம் வரும். ஆலையின் தாய்க்கலத்தில் அதை வளர்த்துச் சிமிழ் சிமிழாக விற்றார்கள். இந்திராணியும் பூசிக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் கௌரம்மா வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு மருத்துவ அறைக்கு வந்தாள். தகடு சுற்றும் பிரிவில் வேலை செய்பவள், கலகலப்பானவள். அன்றைக்குப் பேசவில்லை. துப்பட்டாவை எடுத்தாள். கீழுதடு நடுவில் பிளந்து, ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உரிந்து தொங்கியது.

"எப்ப இருந்து?"

"அஞ்செட்டிக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன் மேடம். சிமிழை இங்கயே மறந்துட்டுப் போயிட்டேன். ரெண்டாம் நாளே காந்த ஆரம்பிச்சிடுச்சு. சோறு திங்க முடியல, குழந்தைகிட்டச் சிரிக்க முடியல. இப்ப வந்ததும் பூசினேன், எரிச்சல் அடங்கிப் போச்சு."

"வெயிலில் அலைஞ்சியா?"

"எங்க மேடம் வெயிலு? நான் போன நாள்ல இருந்து ஒரே மழை."

மழையில் உதடு வெடிக்குமா என்ற கேள்வி, அவள் போன பிறகும் இந்திராணியை விடவில்லை. கௌரம்மாவின் சிமிழை மேஜைச் சேர்மக்கண்ணின் அடியில் வைத்து ஒவ்வொரு சேர்மமாகப் படித்தாள். முதலில் பழைய குற்றவாளிகளைத் தேடினாள். கற்பூரம், புதினா உப்பு, லவங்கப்பட்டை எண்ணெய். இவை பூசியதும் குளிர்ச்சி காட்டும், பிறகு உதட்டை உறுத்தும், உறுத்தலைத் தீர்க்க மறுபடி பூச வைக்கும். இல்லை. நக்கத் தூண்டும் இனிப்பு? அதுவும் இல்லை. வாசனைப் பொருள், சாயம், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கம்பளி மெழுகு, ஒன்றும் கிடையாது. எல்லாம் பச்சை.

அன்றைக்கு மாலையே அவள் தன் உதட்டைத் துடைத்துவிட்டுப் பூசுவதை நிறுத்தினாள்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மறுநாள் பல் விளக்கும்போது உதட்டோரம் கிள்ளியது. மத்தியானம் ரசம் சாதத்தின் முதல் கவளத்திலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவள் மனம் மேஜை இழுப்பறையில் இருந்த சிமிழிலேயே நின்றது. நோயாளி சொன்னது காதில் ஏறவில்லை. எழுந்து போய்ச் சிமிழைக் குப்பையில் போட்டாள். சற்று நேரத்தில் குப்பையிலிருந்து அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கழிப்பறைக்குப் போய்ச் சிமிழில் இருந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

உயிர்மெழுகை உருவாக்கியவர் சௌந்தரவதனன். ஆலையின் பின்கட்டிலேயே அவருடைய ஆய்வகம். வெடித்த உதட்டோடு இந்திராணி உள்ளே வந்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"உங்க மெழுகை நிறுத்தினேன். அதுதான் ஆச்சு. முதன்முதலா நீங்க செஞ்ச மெழுகு உறைகலத்தில் இருக்கா?"

இருந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள். வளர்ப்புத் தட்டில் உதட்டுத் தோலின் கொழுப்பைக் கொஞ்சம் வைத்தார்கள். சிமிழ் மெழுகில் கலந்து தரும் இரையைப் போட்டுக்கொண்டிருந்தவரை இரண்டும் ஒரே மாதிரி மெழுகு சுரந்தன. இரையை நிறுத்தியதும் பழையது சாதுவாகச் செத்துப்போயிற்று. புதியது சாகவில்லை. தட்டில் வைத்த கொழுப்பைத் தின்ன ஆரம்பித்தது.

சௌந்தரவதனன் வெகுநேரம் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பூசாமல் விட்டால் உதட்டின் சொந்தக் கொழுப்பைச் சாப்பிடுது," என்றாள் இந்திராணி. "அதனால்தான் காயுது. காய்ஞ்சதும் கை தானாகச் சிமிழுக்குப் போகுது. மெழுகுல என்ன இருக்குன்னு கண் சரியாத்தான் படிக்குது. நம்மகிட்ட இருந்து அது என்ன எடுக்குதுன்னு அதுக்குப் படிக்கத் தெரியாது."

"நான் இப்படிச் செய்யல, இந்திராணி. சத்தியமா."

"தாய்க்கலத்துக்கு விதை எங்கிருந்து எடுக்கிறீங்க?"

"யாருடைய சிமிழ் சீக்கிரம் காலியாகுதோ, அவங்க உதட்டுல இருந்து. அவங்களுக்குப் பொருந்துது, பிடிச்சிருக்குன்னுதானே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

யாரும் கெடுதல் நினைக்கவில்லை. மாதாமாதம், அதிகம் பூச வைத்த உயிரைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். மாதாமாதம் அது இன்னும் அதிகமாகப் பூச வைத்தது. நல்ல கறவை மாட்டைப் பொறுக்கி வளர்ப்பதுபோல, பசியை வளர்த்திருந்தார்கள்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றாள் இந்திராணி. நிறுத்தினால் கூடத்தில் வேலை செய்யும் அத்தனை பெண்களுக்கும் ஒரே வாரத்தில் இந்தக் கதி வரும் என்றார் அவர். இரண்டுமே உண்மை. கடைசியில் கூடத்தைச் சில வாரம் மூடுவதென்றும், தாய்க்கலத்தைக் கழுவுவதென்றும் முடிவாயிற்று. உதடு ஆறும்வரை பூச இந்திராணி கேட்டது வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி. நன்றாகச் சுத்திகரித்தது, ஒரே ஒரு பொருள், வாசனை இல்லை, சுவை இல்லை, ஈரத்தை வெளியே விடாமல் மூடிவைக்கும், அவ்வளவுதான்.

அங்கேதான் சிக்கல் வந்தது. சேர்மக்கண்ணுக்கு அதன் பிறப்பிடம் தெரியும், சுத்தம் தெரியாது. மண்ணெண்ணெய் வம்சத்தில் வந்த எதையும் அது சிவப்பில்தான் காட்டும்.

மருத்துவ அறை வாசலில் பெண்கள் திரண்டு நின்றார்கள். பலருக்கு ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கியிருந்தது. இந்திராணி ஜெல்லிக் குப்பியைத் திறந்ததும் கதவோரக் கண் சிவந்தது. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது.

"பச்சையைப் பிடுங்கிட்டு சிவப்பைத் தர்றீங்க," என்றது ஒரு குரல், தணிவாக.

"எங்க உதட்டுல சோதனை பண்ணிப் பாக்கறீங்களா மேடம்?" என்றாள் இன்னொருத்தி. அவள் கீழுதட்டிலிருந்து ரத்தம் முகவாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

இந்திராணிக்கு வாய் திறந்தாலே எரிந்தது. குப்பியில் விரலை விட்டு எடுத்துத் தன் உதடு முழுக்கத் தடவினாள். மீதியை நாக்கில் வைத்து, எல்லாரும் பார்க்க விழுங்கினாள். அப்புறம் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைக் கிழித்துக் கதவோரக் கண்ணின் மேல் ஒட்டினாள்.

யாரும் நகரவில்லை. ஆலைக் காவலர் இருவர் தாழ்வாரத்து முனையில் வந்து நின்றார்கள். கண்ணை மறைப்பது குற்றம். அவர்கள் கிட்டே வருவதற்குள் கௌரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து உதட்டை நீட்டினாள்.

"போடுங்க மேடம். பச்சையில வெந்ததை நான் பாத்துட்டேன்."

அவளுக்குப் பின்னால் ஒருத்தி வந்தாள். பிறகு இன்னொருத்தி. காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

அந்த வாரங்கள் மோசமாகத்தான் கழிந்தன. சிமிழை ரவிக்கைக்குள் ஒளித்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஒளித்ததற்காகச் சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். ஒருத்தி வேலையை விட்டே போய்விட்டாள். ஆனால் புண் ஆறியது. புதுத் தோல் வந்தது.

கூடத்தைத் திறந்தால் காற்று பழையபடி காய்ந்துதான் கிடக்கும், ஜெல்லி மட்டும் தாங்காது. சௌந்தரவதனன் பழைய விதையிலிருந்தே மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை விதியை இந்திராணி சொன்னாள்.

"யாருடைய சிமிழ் கடைசியில் காலியாகுதோ, அவங்க உதட்டுல இருந்து எடுங்க. குறைச்சலாப் பூசியும் நல்லா இருக்கிறவங்ககிட்ட இருந்து."

"விற்பனை விழுந்துடும்," என்று அவர் சிரித்தார்.

"விழட்டும்."

விதி அருமையாக வேலை செய்தது. தினம் பூசியவர்கள் வாரம் ஒருமுறை பூசினார்கள், அப்புறம் மாதம் ஒருமுறை. நிறுத்திப் பார்த்தாலும் வெடிக்கவில்லை. மற்ற ஊர் ஆலைகளும் அதை வாங்கின. கூடத்துப் பெண்களின் உதடுகள் பளிங்குபோல இருந்தன. இந்திராணி மட்டும் அதற்குப் பிறகு எந்த மெழுகையும் தொடவில்லை. ஜெல்லியோடு நிறுத்திக்கொண்டாள், அதையும் அவசியப்பட்டால்தான்.

மார்கழியில் ஓசூர்க் காற்று கத்திபோல அறுக்கும். அடுத்த வருஷ மார்கழியில் ஒரு காலை அவள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தபோது, ஜெல்லிக் குப்பியைத் திறந்து எத்தனையோ நாளாயிற்று என்பது நினைவுக்கு வந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். வெள்ளரிப் பிஞ்சு வாசம்.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு சௌந்தரவதனனைப் போனில் கூப்பிட்டாள்.

"நான் எதுவும் பூசல," என்றாள்.

"நானும்தான்," என்றார் அவர். "என் மனைவி ஆலைப் பக்கம் வந்ததே இல்ல. அவளுக்கும் இந்த வாசம் இருக்கு. மருந்துக்கடையில் விசாரிச்சேன். இந்தக் குளிர்காலத்துல உதட்டுக்கு மருந்து கேட்டு ஒருத்தரும் வரலையாம்."

இந்திராணி கட்டிலில் உட்கார்ந்தாள். குறைவாகப் பூச வைப்பதைத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னவள் அவள்தான். அந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டால், பூசவே வேண்டாத மெழுகில்தான் போய் நிற்கும். சாகாமல் உதட்டிலேயே தங்குவது. டீ தம்ளரிலும் முத்தத்திலும் மூச்சிலும் ஏறித் தானே அடுத்த ஆளைப் பிடித்துக்கொள்வது. அது என்னத்தைத் தின்கிறது என்று கேட்டாள். நாம் சாப்பிடுவதில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது போலிருக்கிறது, இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றார். தாய்க்கலத்தை வடித்துவிட்டதாகவும் சொன்னார். வடித்ததால் எந்த மாற்றமும் இல்லை.

அவள் ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தாள். உப்பு வைத்துத் தேய்த்தாள். மறுநாளே வாசம் திரும்பிவிட்டது. வலி இல்லை, வெடிப்பு இல்லை. இத்தனை வருஷமாக நோயாளிகளுக்கு அவள் ஆசைப்பட்ட உதடு அதுதான். அவள் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

பொங்கல் கழிந்து தர்மபுரிக்குப் போனாள். அவளோடு படித்தவள் ஒருத்தி அங்கே பிரசவ மருத்துவமனை நடத்தினாள். மின்கல ஆலை எதுவும் இல்லாத ஊர். அங்கே அது வந்திருக்காது என்ற ஒரு நப்பாசையில்தான் போனாள். வார்டில் ஓர் இளம் தாய் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை. தாய்ப்பால் தவிர அதன் வாயில் எதுவும் பட்டிருக்க நியாயமில்லை.

"குழந்தை உதட்டுக்கு என்ன பூசலாம் டாக்டர்? பாதுகாப்பானதா ஒண்ணு சொல்லுங்க. கடையில எதை எடுக்கறதுன்னே தெரியல."

இந்திராணி குனிந்தாள். வாசம் வந்துவிட்டது. இருந்தாலும் கைச் சேர்மக்கண்ணை எடுத்துக் குழந்தையின் உதட்டருகே பிடித்தாள். கண் கொஞ்சம் தயங்கிப் பிறகு பச்சையாக ஒளிர்ந்தது.

"ஒண்ணும் வேண்டாம்மா," என்றாள்.

தாயின் முகம் மலர்ந்தது. கண்ணின் சின்னத் திரையில் எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. பதிவு செய்ய, பொருளின் பெயரைச் சொல்லவும். இந்திராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் இருந்ததற்குப் பெயர் இல்லை. தாயிடம் குழந்தையின் பெயரைக் கேட்டாள்.

"இன்னும் வைக்கலைங்க டாக்டர்," என்றாள் அவள்.