கீழ்நிலத்துக் கன்றுகள்

மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். அதற்குள் நர்ஸம்மா குனிந்து உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே அவருடைய அண்ணன் லாரிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே நுழைந்தார்.

“உங்க அண்ணி இருக்காங்களா? என் கன்னுங்க எல்லாம் செத்துப்போச்சு,” என்றார் நர்ஸம்மா.

அண்ணி என்றால் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா. கடைக்கு மேல் மாடியில்தான் குடியிருந்தார். காக்கியைக் கழற்றிய பிறகும் ஊர் அவரை விட்டபாடில்லை. அண்ணி ஒரு விவகாரத்தைக் கையில் எடுத்தால் கொழுந்தனாருக்குக் கடையில் கால் நிற்காது.

விஷயம் இதுதான். குடியிருப்புகளுக்கு அருகே சொந்த நிலத்தில் புதிதாகக் காடு வளர்த்தால் அரசு மானியம் தருகிறது. ஜனங்கள் உள்ளே வந்து உலாவ வழி விடவேண்டும், அவ்வளவுதான். அப்பா விட்டுப்போன நிலத்தில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பாதியில் கன்று நட்டிருந்தார்கள். நாளை அதிகாரி பார்வையிட வருகிறார். கன்று உயிரோடு இல்லையென்றால் மானியம் ரத்து. வாங்கியதைத் திருப்பிக் கட்ட நர்ஸம்மா நிலத்தையே விற்கவேண்டும். அதைத் தவிர அவருக்கென்று ஒரு கைப்பிடி மண் கிடையாது.

லாரிக்காரருக்குச் சந்தேகமே இல்லை. மேய்ச்சல் போய்விட்டதென்று ஆட்டுக்காரம்மா நாள்தோறும் சாபம் விட்டாளாம். ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து அவளை உள்ளே தள்ளவேண்டியதுதான் என்றார்.

இன்ஸ்பெக்டரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு நிலத்துக்குப் போனார். நர்ஸம்மாவின் கீழ்நிலம் களிமண். மழை வேறு பெய்திருந்ததால் மருந்துக்கடைக்காரரின் செருப்பில் கறுப்புச் சேறு அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடவில்லை. வரிசை வரிசையாகக் கன்றுகள் தலை தொங்கி நின்றன. அவர் குனிந்து மோந்து பார்த்து, தும்மிவிட்டு, களைக்கொல்லிதான் என்று அடித்துச் சொன்னார். அவருக்கு யாரைப் பார்த்தாலும் கள்ளனாகத் தெரிந்தது. நிலத்தை விற்க நர்ஸம்மாவே நாடகம் ஆடுகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரம்மா வரிசைக்கு ஓர் இலை பறித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். எத்தனை சாதிக் கன்று நட்டது என்று மட்டும் கேட்டார்.

“அஞ்சாறு சாதி. எனக்கு மாத்திரை பேர்தான் தெரியும், மரத்தோட பேர் தெரியாது. ஒரு வாரமா நைட் டியூட்டி, இந்தப் பக்கமே வரல,” என்றார் நர்ஸம்மா.

வரப்பில் ஆட்டுக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். தன் ஆடு புகுந்திருந்தால் அந்த இலையாவது மிஞ்சியிருக்குமா என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டார்.

சாலையோரத்து மேல்நிலம் லாரிக்காரருடையது. சிவப்பு மண், செழித்த கன்றுகள். நிலத்தை ஒட்டியே அவர் வீடு. வாசல் மரம் மொட்டையாக நின்றதால் காரை நிறுத்த நிழலில்லை. கிளைகள் மின்கம்பியில் உரசியதாம், வெட்டிவிட்டாராம். தெருவின் எதிர்ப்பக்கத்துக் கம்பியில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. இன்ஸ்பெக்டரம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, நிலத்துக்குள் நடந்து ஒரு கன்றின் அடியில் குடை நுனியால் கிளறினார். நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. துடைக்காமலே திரும்பினார்.

சாயங்காலம் எல்லோரையும் இரண்டு நிலத்துக்கும் நடுவிலுள்ள வேலியோரம் வரச்சொன்னார்.

“தம்பி, கீழ்ப்பக்கம் ஒரு கன்னைப் பிடுங்குங்க.”

மருந்துக்கடைக்காரர் இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். அது சுளுவாக வந்துவிட, அவர் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார். கையிலிருந்ததில் வேர் இல்லை. அடியில் சாய்வாக ஓர் அரிவாள் வெட்டு.

“இது கன்னே இல்ல. வெட்டி நட்ட கிளை,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. கண்ணாடிக் கூட்டைத் திறந்து இலைகளை உள்ளங்கையில் கொட்டினார். “நட்டது அஞ்சாறு சாதி. இதெல்லாம் ஒரே சாதி இலை. அப்போ விஷமும் இல்ல, ஆடும் இல்ல. யாரோ நிஜக் கன்னைத் தோண்டி எடுத்துட்டு, ரெண்டு நாள் பச்சையா தெரியட்டும்னு கிளையை நட்டுட்டாங்க. மொட்டை மரம் எங்க இருக்குன்னு நாம எல்லாருமே பாத்தோம்.”

“அது கரண்டு கம்பிக்காக...” என்று லாரிக்காரர் இழுத்தார்.

“கம்பி எதிர்ப்பக்கம் போகுது. அதை விடுங்க. உங்க நிலம் செம்மண். உங்க கன்னு அடியில மட்டும் கறுப்புக் களிமண் உருண்டை எப்படி வந்துச்சு?”

குடை நுனியை நீட்டிக் காட்டினார். அதில் கறுப்பு காய்ந்திருந்தது.

லாரிக்காரர் வேலிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது. லோடு லோடு என்று அலைந்து தண்ணீர் விடாமல் அவருடைய கன்றுகள் காய்ந்து போயின. மானியத்தைத் திருப்பிக் கட்டவேண்டி வந்தால் லாரியும் போய்விடும். தங்கை இரவுப் பணிக்குப் போன வாரம் பார்த்து, ஆள் வைத்து மண்ணோடு பெயர்த்துவிட்டார்.

“நீ மாசச் சம்பளக்காரி. எப்படியும் சமாளிச்சுக்குவேன்னு நினைச்சேன்மா,” என்றார் தங்கையிடம், தலை நிமிராமல்.

“நானும் சமாளிச்சிருப்பேன், ஜெயில்ல,” என்றார் ஆட்டுக்காரம்மா.

மருந்துக்கடைக்காரருக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, இப்போதே மண்வெட்டி கொண்டுவந்து கன்றுகளைக் கீழே மாற்றிவிடலாம் என்று குதித்தார். இன்னொரு தடவை பிடுங்கினால் ஒன்றுகூடத் தேறாது என்று அண்ணி தடுத்துவிட்டார்.

நர்ஸம்மாவுக்கு அண்ணன்மேல் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். வேலியைத் தாண்டிப் போய் ஒரு கன்றின் தளிரைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்பா போனப்போ மேல்பக்கம் உங்களுக்கு, கீழ்ப்பக்கம் எனக்குன்னு நீங்கதான் பிரிச்சீங்க. நான் வாய் திறக்கல. இப்போ சொல்றேன் அண்ணா. கன்னுங்க நிக்கிற இடத்துலயே நிக்கட்டும். நிலத்தை மாத்திக்குவோம்.”

லாரிக்காரர் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தார்.

“நாளைக்கு அதிகாரி வந்ததும் நடந்ததை நீங்களே சொல்லி, பத்திரம் மாத்த அவகாசம் கேளுங்க. இல்லேன்னா நான் ஸ்டேஷன்ல சொல்றேன்,” என்றார் அவர்.

லாரிக்காரர் மெதுவாக எழுந்தார். இடுப்பிலிருந்து மேல்நிலத்து வேலிக்கதவின் சாவியை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தார். பிறகு வந்த வழியே திரும்பாமல், கீழ்நிலத்துச் சேற்றில் இறங்கி, தான் நட்ட கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.