கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்

அன்னிக்கு மத்தியானம் சரியான மழை. அந்தப் பெரியவர ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேந்தா, எங்களுக்கு முன்னாடியே ஆம்புலன்ஸ் வரிசையா நிக்குது.

ஆம்புலன்ஸ்ல பின்னாடி உக்காந்து பேஷன்ட்ட பாத்துக்கறவ நான்தான். ஓட்டறது ஹாரன் அண்ணா. ஒரு தடவ வண்டி ஹாரன் ரிப்பேராகி, புதுசு வர்ற வரைக்கும் ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டி "வழி விடுங்கய்யா"ன்னு கத்தியே ரோட்ட கிளியர் பண்ண மனுஷன். அதுலேருந்து அதான் பேரு. அவரு ரகசியம் சொன்னா பக்கத்துத் தெருவுல பதில் சொல்லுவாங்க.

எல்லாரும் என்னைக் கேப்பாங்க, ரத்தத்தப் பாத்தா பயமா இல்லையான்னு. ரத்தமெல்லாம் ஒண்ணுமே இல்லங்க. "உயிர் போகுது, ஓடி வாங்க"ன்னு போன்ல கதறிட்டு, நாம போய் நின்னா கண்ணாடி முன்னாடி தலை வாரிக்கிட்டு இருப்பாங்க, அதான் கடுப்பு. லிஃப்ட் இல்லாத பில்டிங்ல நெஞ்சு வலி கரெக்டா மேல் மாடியிலதான் வரும். கீழ் வீட்டுக்காரங்களுக்கு ஒரு தும்மல் கூட வராது. சைரன் போட்டு வழி வாங்கினா நம்ம முதுகுலயே ஒட்டிக்கிட்டு வருவான் ஒரு பைக்குக்காரன், அவன் தாத்தா உள்ள படுத்திருக்கற மாதிரி.

ஆனா இதுக்கெல்லாம் பாட்டன் ஒண்ணு இருக்கு. வெயிட்டிங்.

உள்ள பெட் காலியாகணும். நர்ஸ் வந்து "சரி, இவர அந்த பெட்ல போடுங்க"ன்னு வாயால சொல்லணும். நாங்க ஸ்ட்ரெச்சர்லேருந்து பெட்டுக்கு மாத்திட்டு, வயர்லெஸ்ல "எறக்கியாச்சு"ன்னு சொல்லணும். அது வரைக்கும் பேஷன்ட் எங்க ஆளு. நகர முடியாது. காரிடார்ல தண்ணி மெஷினுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

பெரியவருக்கு மூச்சுத் திணறல். துணைக்கு யாரும் இல்ல. நெஞ்சு பூரா தைலம் தடவியிருந்தாரு, அந்த வாசனைதான் காரிடார் முழுக்க. அவ்ளோ கஷ்டத்துலயும் ரொம்ப மரியாதையான மனுஷன். ஆக்ஸிஜன் மாஸ்க்க லேசா தூக்கிட்டு என்கிட்ட, "எவ்ளோ நேரம்மா நிப்ப? இப்படி உக்காரு, எடம் இருக்கு"ன்னு வலது பக்கமா நகந்துக்கிட்டாரு. அந்த ஸ்ட்ரெச்சரே ஒரு பலகை அகலம்தான். அதுல எனக்குப் பாதி.

"படுங்கய்யா, நான் நின்னுக்கறேன்"னேன்.

அப்படியும் அந்த எடத்த அவரு திரும்ப எடுத்துக்கல. எனக்காக விட்டே வச்சிருந்தாரு.

"எப்பம்மா எறக்குவீங்க?"

ஹாரன் அண்ணா நாலு வார்டுக்குக் கேக்கற மாதிரி சொன்னாரு, "பெரியவரே, உங்களுக்கு ஒரு பெட் வாங்கிக் குடுக்காம உங்கள விட்டு நான் நகர மாட்டேன். போதுமா?"

"பேச்சு மாறக் கூடாது"ன்னு பெரியவரு சிரிச்சாரு.

பெட் வரவே இல்ல. எங்க ஸ்ட்ரெச்சர்லயே அவருக்கு மூச்சு நின்னுச்சு. டாக்டர் ஓடி வந்தாரு, நான் நெஞ்ச அமுக்கினேன், எல்லாம் பண்ணோம். ஒண்ணும் ஆகல. மார்ச்சுவரி ஆளுங்க வேற தள்ளுவண்டி கொண்டு வந்து, பின் வாசல் வழியா எடுத்துட்டுப் போயிட்டாங்க. யாரும் "இவர இங்க போடுங்க"ன்னு சொல்லல. அண்ணா வயர்லெஸ்ஸ கையில பிடிச்சுக்கிட்டு என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னாரு. அப்புறம் ஒண்ணும் சொல்லாமலே வண்டிய எடுத்தாரு.

ஹாரன் அண்ணா அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல. எனக்கு அதுவே பேய்க் கதை மாதிரிதான் இருந்துச்சு.

மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ ஒரு மளிகைக் கடைக்காரர ஏத்துனோம். நல்ல தாட்டியான உடம்பு. ஸ்ட்ரெச்சர் ரெண்டு பக்கமும் வழியணும். மனுஷன் என்னடான்னா இடது கம்பிய ஒட்டி ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு தொங்கறாரு. வலது பக்கம் பாதி ஸ்ட்ரெச்சர் காலி.

"சார், விழுந்துடுவீங்க. நடுவுல படுங்க."

"நடுவுல எங்கம்மா எடம் இருக்கு?"ன்னு என்னையே முறைச்சாரு.

சரி, காய்ச்சல்ல ஏதோ பேசறாருன்னு விட்டுட்டேன். அடுத்தது கால் பிசகின ஒரு டீச்சரம்மா. அவங்களும் இடது ஓரம். எறங்கும்போது என் காதுகிட்ட வந்து, "குறை சொல்றேன்னு நினைக்காதம்மா. இன்னொருத்தர கூட ஏத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிடலாம்ல?"ன்னாங்க.

வண்டியில பின்னாடி அவங்களையும் என்னையும் தவிர யாரும் இல்ல.

அப்புறம் ஒரு குடிகாரரு. கல்யாண வீட்டுல விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்டவரு. ஏறினதுலேருந்து ஒரே ரகளை. "யோவ் மாமா, தள்ளிப் படுய்யா. அப்பன் வீட்டு ஸ்ட்ரெச்சரா?"ன்னு காலி எடத்தப் பாத்து சண்டை. எனக்கு சிரிப்ப அடக்க முடியல. முன்னாடி உக்காந்திருந்த அண்ணா மட்டும் சிரிக்கல. கண்ணாடியில அவரு கண்ணு தெரிஞ்சுது, ரோட்டப் பாக்காம பின்னாடியே பாத்துக்கிட்டு இருந்தாரு.

திடீர்னு அந்த ஆளு சத்தம் நின்னுச்சு. போதை எறங்கின மூஞ்சி. என் கையப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கேட்டாரு.

"இவரு ஏன் இவ்ளோ சில்லுனு இருக்காரு?"

ஏ.சி. ஓடல. அது ரிப்பேராகி எத்தனையோ நாளாச்சு.

வண்டி பூரா தைல வாசனை.

அவர எறக்கிட்டு, காலி ஸ்ட்ரெச்சர வண்டிக்குள்ள தள்ளும்போது அண்ணாகிட்ட சொன்னேன். அவரு என் பக்கம் திரும்பவே இல்ல. "தள்ளிப் பாரு"ன்னாரு. தள்ளினேன். காலி ஸ்ட்ரெச்சர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தினமும் தள்றவ. அது காலி இல்ல.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிலேருந்தே தெரியும் தங்கச்சி. வாக்கு குடுத்துட்டேன்ல. அவரு எப்படிப் போவாரு?"

மேனேஜர்கிட்ட போய் வேற ஸ்ட்ரெச்சர் குடுங்கன்னு கேட்டேன். சக்கரம் ஓடுதான்னு கேட்டாரு. ஓடுதுன்னேன். பெல்ட் இருக்கான்னாரு. இருக்குன்னேன். "அப்புறம் என்னம்மா, பேய் இருக்கறதுக்கெல்லாம் மாத்தணும்னா இங்க ஒரு வண்டி கூட வெளிய போகாது"ன்னு சிரிச்சாரு. நான் பேயின்னு ஒரு வார்த்தை சொல்லல.

அதுக்கப்புறம்தான் அந்த நாளு வந்துச்சு.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு டீக்கடை. வண்டிய ஓரமா நிறுத்திட்டு ரெண்டு பேரும் டீ வாங்கினோம். எங்க வேலையில சூடா டீ குடிக்கறதுங்கறது லாட்டரி மாதிரி. அன்னிக்கு அதிசயமா எந்த போன் காலும் வரல. நான் பாதி கிளாஸ் முடிச்சிட்டுத் திரும்பிப் பாக்கறேன், அண்ணா கையில கிளாஸ் அப்படியே சாஞ்சு டீ சட்டையில கொட்டுது. அவருக்கு அது தெரியல. மூஞ்சி சாம்பல் மாதிரி ஆயிருச்சு. வேர்வை கொட்டுது. இடது கைய பிடிச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்துட்டாரு.

எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுருச்சு. ஹார்ட் அட்டாக்.

வண்டியில இருந்த ஆஸ்பிரின் மாத்திரைய அவரு வாயில போட்டு மென்னு முழுங்க வச்சேன். ஆஸ்பத்திரி கேட் கண்ணு முன்னாடி தெரியுது. ஆனா நடுவுல தடுப்புச் சுவரு, வண்டியில போனா சுத்தி வரணும், ரோடு பூரா டிராஃபிக். தள்ளிக்கிட்டு ஓடறதுதான் வேகம். ஸ்ட்ரெச்சர எறக்கினேன்.

"அதுல வேணாம்"னாரு அண்ணா. "எடம் இல்ல."

"அண்ணா, விளையாடாதீங்க, படுங்க!"

"எடம் இல்ல தங்கச்சி."

எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு. காலி ஸ்ட்ரெச்சரப் பாத்து நடு ரோட்டுல கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயா, உங்களுக்குப் புண்ணியமா போகும், கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்!"

டீக்கடைக்காரரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

ஸ்ட்ரெச்சர் 'க்ரீச்'னுச்சு. யாரோ உடம்ப ஒடுக்கிக்கிட்டா வர்ற சத்தம்.

அண்ணாவ இடது ஓரமா படுக்க வச்சு பெல்ட் போட்டேன். டீக்கடைக்காரரும் ஒரு கை பிடிச்சாரு. பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவுல, "வழி விடுங்க, வழி விடுங்க"ன்னு நான் கத்தறேன். என் தொண்டையிலேருந்து ஹாரன் அண்ணா குரல் வருது.

"ஆளு ஒல்லியாத்தானம்மா இருக்காரு?"ன்னு டீக்கடைக்காரருக்கு மூச்சு வாங்குது. "எப்படி இவ்ளோ கனம்?"

காரிடாருக்குள்ள போனோம். தண்ணி மெஷின் பக்கத்துல வந்ததும் சக்கரம் நின்னுருச்சு.

அதே எடம்.

தள்றேன். நகரல. இழுக்கறேன். நகரல. டீக்கடைக்காரரு கைய எடுத்துட்டு ரெண்டு அடி பின்னாடி போனாரு. அப்புறம் திரும்பிப் பாக்காம வெளியவே போயிட்டாரு.

தைல வாசனை மூக்க அடைக்குது. அண்ணா பக்கத்துல இருந்த காலி விரிப்பு அமுங்கி இருக்கு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அது மெதுவா ஏறி எறங்குது.

மூச்சு விடற மாதிரி.

அண்ணா உதடு நீலமாகுது. ரொம்ப சின்னக் குரல்ல சொல்றாரு, "அவருக்கு மொதல்ல கேளு."

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. பேஷன்ட்ட ஒப்படைக்கும்போது மூச்சு விடாம எல்லாத்தையும் சொல்லணும். என்ன வயசு, என்ன பிரச்சனை, என்ன குடுத்தோம்னு. ஸ்ட்ரெச்சர விட்டுட்டு உள்ள ஓடினேன். சிஸ்டர் ஒரு காதுல போன், ஒரு கையில ஊசி, யாரையோ திட்டிக்கிட்டு இருந்தாங்க.

"சிஸ்டர், ரெண்டு பேரு! ஒருத்தரு எங்க டிரைவர், நெஞ்சு வலி, கை மரத்துப் போச்சு, மாத்திரை குடுத்துட்டேன். இன்னொருத்தரு பெரியவரு, மூச்சுத் திணறல், மழையன்னிக்கு வந்தாரு..." காரிடார் பக்கம் கைய காட்டினேன். "இன்னும் எறக்கல சிஸ்டர்."

அவங்க தலைய நிமித்தவே இல்ல.

"சரி சரி, ரெண்டு பேரையும் உள்ள கொண்டு வா. சுவரோரம் போடு."

வெளிய காரிடார்ல சக்கரம் உருள்ற சத்தம்.

நான் இன்னும் வார்டு உள்ளதான் நிக்கறேன். ஸ்ட்ரெச்சர் அதுவா கதவத் தள்ளிக்கிட்டு வந்து என் இடுப்புல முட்டுச்சு.

அப்புறம் டாக்டருங்க, ஊசி, மானிட்டர், எல்லாம் கடகடன்னு நடந்துச்சு. அண்ணாவ சுவரோரம் பெட்டுக்கு மாத்துனதும் என் கையில ஸ்ட்ரெச்சர் காத்தாடி மாதிரி ஓடுச்சு. நான் வெளிய வந்து வயர்லெஸ்ஸ எடுத்து, "எறக்கியாச்சு"ன்னேன். அந்தப் பக்கம் இருந்தவரு, "யாரம்மா?"ன்னாரு. "ரெண்டு பேரையும்"னு சொல்லிட்டு ஓன்னு அழுதேன்.

அண்ணா பொழைச்சுக்கிட்டாரு.

மாடி வார்டுக்கு மாத்திட்டாங்கன்னு தெரிஞ்சதும், நல்ல வெளிச்சமான ஒரு மத்தியானத்துல பாக்கப் போனேன். சொல்றதுக்கு என்கிட்ட எவ்ளோ இருந்துச்சு! அதே மளிகைக் கடைக்காரரு திரும்பி வந்து ஸ்ட்ரெச்சர் ரெண்டு பக்கமும் வழிய வழிய மல்லாந்து படுத்தாரு, குறட்டை வேற. இதச் சொன்னா அண்ணா கட்டிடம் அதிர சிரிப்பாருன்னு நினைச்சுக்கிட்டே போனேன்.

ஜன்னல் ஓரம் பெட். அண்ணா முழிச்சுத்தான் இருந்தாரு.

இடது ஓரமா. ஒரு காலு பாதி கீழ தொங்குது.

"அண்ணா!"ன்னு சிரிச்சுக்கிட்டே போனேன்.

"ஷ்ஷ்"னாரு.

ஹாரன் அண்ணா ஷ்ஷ்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.

"இப்பத்தான் கண்ண மூடுனாரு"ன்னு என் காதுல கிசுகிசுத்தாரு. "ரெண்டு பேருன்னு கரெக்டா சொல்லிட்ட தங்கச்சி. பெட்டு ஒண்ணுதான வாங்குன?"

நான் பெட்டுல அவருக்கு அந்தப் பக்கம் பாத்தேன்.

"நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம்"னாரு. சிரிக்கப் பாத்தாரு, வரல. "கட்டில் பெருசுதான். ஆனா உங்க அண்ணி எங்க படுப்பா?"

தலையணை ஒண்ணுதான். அதுல அண்ணா தலை இல்லாத பக்கமும் குழிஞ்சிருந்துச்சு. தைல வாசனை லேசா வந்துச்சு. உக்காரணும் போல இருந்துச்சு, சுத்திப் பாத்தேன், நாற்காலி இல்ல.

பெட்டுல அந்தப் பக்கம் இருந்த பள்ளம் மெதுவா அசைஞ்சுது. சுவத்துப் பக்கமா கொஞ்சம், இன்னும் கொஞ்சம் நகந்து போய் நின்னுச்சு.

நடுவுல எனக்கு எடம் விட்டுட்டு.