ஒரு தட்டலுக்கு இரண்டு மேடு

“அய்யோ... அம்மா!”

அலறல் மூடிய கதவைத் தாண்டி வந்து காரிடாரில் விழுந்தது.

பெஞ்சில் காத்திருந்த ஏழு பேரில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா துடைப்பதை நிறுத்தவில்லை.

அந்த அறைக்குள் யார் அலறினாலும் யாரும் ஓடிவர மாட்டார்கள். ஒரு நாளைக்கு இருபது அலறலாவது உண்டு. நரம்புக்கும் தசைக்கும் கரண்ட் கொடுத்துச் சோதிக்கிற அறை அது.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் அரை மணி நேரத்தில் அங்கே ஒருத்திக்கு நிஜமாகவே உதவி தேவைப்படப்போகிறது.

அலறிய லாரி டிரைவர் கையை உதறிக்கொண்டே எழுந்தார்.

“எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்னு சொன்னியே தாயி. அது எந்த ஊரு எறும்பு?”

“கொஞ்சம் வளர்ந்த எறும்புண்ணே. போறப்ப அடுத்தவங்களை வரச் சொல்லுங்க.”

சொன்னவள் டெக்னீஷியன். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு ‘ஷாக் அக்கா’ என்றுதான் பெயர். பதினாறு வருட சர்வீஸ். கை சுத்தம். வாய்தான் ஓயாது. எந்த வயரை எங்கே ஒட்டுகிறாள், திரையில் வரும் கோடு என்ன சொல்கிறது... எல்லாவற்றையும் வந்தவர்களிடம் விளக்கிக்கொண்டே இருப்பாள். பேச்சுக் கொடுத்தால் வலி தெரியாது என்பது அவள் கட்சி.

சக்கர நாற்காலி உள்ளே வந்தது.

அதில் ஒரு பெண். தையல்காரி. தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. ஏசி அறையிலும் நெற்றியில் வேர்வை. தள்ளிக்கொண்டு வந்தவர் அவள் கணவர். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு ஃப்ளாஸ்க்.

“என்னக்கா பண்ணுது?”

“ஊசில நூல் கோக்க முடியல...” தையல்காரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “அப்புறம் கத்திரி பிடிக்க முடியல. இப்ப காலும் நிக்க மாட்டேங்குது.”

“எத்தனை நாளா?”

“நாலு வாரம்” என்றார் கணவர். “நரம்புத் தளர்ச்சின்னு எழுதிட்டீங்கன்னா போதும்மா. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன்னுட்டார். நான் பார்த்துக்குவேன் அவளை.”

“தங்கமான மனுஷன்மா” என்றாள் தையல்காரி. “கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அடுப்படி எந்தத் திசைன்னு தெரியாது. இப்ப தினம் மூணு வேளை அவரே காபி போட்டுக் கொடுக்கறார்.”

“கொடுத்து வெச்சவங்கக்கா நீங்க. நம்ம வீட்டுக்காரர் டம்ளரைக் கழுவிட்டாலே அந்த வாரம் பூரா அதைப் பத்தித்தான் பேசுவார். சார், அக்கா கை ஐஸ் மாதிரி இருக்கு. கை சில்லுனு இருந்தா நரம்பு சோம்பேறியாயிடும், ரீடிங் சரியா வராது. கொஞ்சம் பிடிச்சுச் சூடு பண்ணுங்க.”

“சூடா ஒரு வாய் காபி குடிக்கட்டுமே.”

அவர் ஃப்ளாஸ்க்கைத் திறந்தார். இரண்டு ஸ்டீல் டம்ளர்களில் ஊற்றினார். முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சின்னப் பொட்டலத்திலிருந்து சர்க்கரை போட்டுக் கலக்கினார். இரண்டையும் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சார் சார், வயர் மேல வேண்டாம். கொட்டுச்சுன்னா எனக்கு வேலை போயிடும்.”

ஷாக் அக்கா இரண்டையும் தூக்கி அலமாரித் தட்டில் வைத்தாள். அவர் இடப்பக்கத்து டம்ளரை எடுத்து மனைவிக்குப் புகட்டினார். மற்றதைத் தான் குடித்தார்.

வயர்களை ஒட்டி மணிக்கட்டில் கரண்ட்டால் ஒரு தட்டு தட்டினால் கட்டைவிரல் துள்ளும். திரையில் ஒரு மேடு எழும்பி இறங்கும். அவ்வளவுதான் சோதனை.

தட்டினாள்.

விரல் துள்ளியது. திரையில் மேடு எழுந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, குட்டியாய், இன்னொரு மேடும் எழுந்தது.

திரும்பத் தட்டினாள். திரும்பவும் இரண்டு.

“அட...” ஷாக் அக்காவின் வாய் வழக்கம்போல் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. “இங்க பாருங்க சார், ஒரு தட்டு தட்டினா நரம்பு ஒரு பதில்தான் சொல்லணும். இது ரெண்டு சொல்லுது. பதினாறு வருஷத்துல ரெண்டு பேருக்குத்தான் பார்த்திருக்கேன். ரெண்டு பேருமே பூச்சி மருந்து குடிச்சவங்க. உடம்புக்குள்ள அது இருந்தா மட்டும்தான்...”

அவள் நிறுத்தினாள்.

தையல்காரியின் கண்களை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். கண்மணி இரண்டும் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தன. கடைவாயில் எச்சில்.

“சாருக்கு... எங்க வேலை?”

“தானிய குடோன்ல. ஸ்டோர் கீப்பர்.”

மூட்டைகளுக்குப் புழு வராமல் மருந்தடிக்கிற இடம்.

ஷாக் அக்காவின் கை மெதுவாக மேஜை மீதிருந்த இன்டர்காமை நோக்கி நகர்ந்தது.

அவருடைய கை வேகமாக நகர்ந்தது. வயர் சுவரிலிருந்து பிய்ந்து வந்தது. கதவிலிருந்த சாவி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் சட்டைப் பைக்குள் போனது. ட்ரேயில் கிடந்த பேண்டேஜ் கத்திரிக்கோல் அவர் கைக்கு வந்தது.

இனி அவருக்கு ‘அவன்’ போதும்.

“ரொம்பப் பேசறேம்மா நீ” என்றான்.

“எங்க வீட்லயும் அதான் சொல்வாங்க.”

“செல்லை எடுக்காத.”

“எடுத்தும் பிரயோஜனம் இல்ல. சுவர் பூரா செம்பு வலை. வெளிக் கரண்ட் உள்ள வந்து திரையில வர்ற கோட்டைக் கெடுக்கக் கூடாதுன்னு போட்டது. சிக்னல் கிடைக்காது.” பயத்திலும் விளக்கினாள். பழக்கம்.

“கத்தலாமேன்னு பார்க்கறியா?”

கத்தினால் என்ன ஆகும் என்று ஷாக் அக்காவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? ஆயா தரை துடைத்துக்கொண்டே இருப்பாள்.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு முனகல்.

“நாலு வாரமா...” தையல்காரி அவனைப் பார்த்தாள். “காபி நல்லாருக்குன்னு... தினம் சொன்னேனேங்க...”

“விவாகரத்து கேட்டேன். மாட்டேன்னுட்டே. கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் அவ எனக்காகக் காத்திருப்பாளா?” அந்த ‘அவ’ யாரென்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஷாக் அக்கா பக்கம் திரும்பினான். “ரிப்போர்ட் எழுது. நரம்புத் தளர்ச்சி. அப்புறம் ஃப்ளாஸ்க்ல மிச்சம் இருக்கு. உனக்கும் ஒரு டம்ளர் கலக்கித் தரேன். பேச்சு குறையும்.”

தையல்காரியின் மார்பு ஏறி இறங்குவதில் தடுமாற்றம். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வர யோசித்தது.

எமர்ஜென்சி வார்டு நாற்பது எட்டு வைக்கிற தூரம். நடுவே ஒரு கதவு. சாவி அவன் பையில்.

ஷாக் அக்கா கீபோர்டை இழுத்தாள்.

“எழுதறேன் சார். எனக்கும் வீட்ல ரெண்டு பொண்ணுங்க. ஆனா டாக்டர் சும்மா நம்ப மாட்டார். நோயாளி ரீடிங் பக்கத்துல ஒரு நல்ல ஆளோட ரீடிங்கையும் வெச்சுக் காட்டணும். இல்லன்னா மறுபடி எடுன்னு திருப்பி அனுப்பிடுவார்.”

“உன்னோடதை எடு.”

“ஒரு கையை நீட்டிக்கிட்டு இன்னொரு கையால எவ்வளவு செய்யறது? உங்களோடதைக் கொடுங்க. இடது கை போதும். கத்திரிக்கோல் வலது கையிலேயே இருக்கட்டும்.”

அவன் யோசித்தான். நீட்டினான்.

வயர்களை ஒட்டினாள். மெஷினில் ஒரு குமிழைத் திருகினாள். மணிக்கட்டில் வைத்தாள்.

டக்.

கட்டைவிரல் துள்ளியது. திரையில் மேடு எழுந்தது.

அதன் பின்னாலேயே... இன்னொன்று.

வாழ்க்கையில் முதல்முறையாக ஷாக் அக்கா எதையும் விளக்கவில்லை.

“என்ன அது?” என்றான் அவன்.

அவள் திரையையே உற்றுப் பார்த்தாள்.

“ஏய், என்ன அது? இன்னொரு தடவை தட்டு.”

டக். இரண்டு மேடு.

“சார்...” அவள் குரல் தழைந்தது. “நீங்க எந்த டம்ளர்ல குடிச்சீங்க?”

அவன் முகம் வெளுத்தது. அலமாரியைப் பார்த்தான். இரண்டு காலி டம்ளர்கள். அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருந்தன.

“நான் அவ டம்ளர்லதானே போட்டேன்... நீ... நீதான் தூக்கி மாத்தி வெச்சே!”

“எனக்கென்ன சார் தெரியும், ஒண்ணுல விஷம் இருக்குன்னு? எவ்வளவு போட்டீங்க?”

“இன்னைக்கு... ரெண்டு மடங்கு.”

“கடவுளே. வாயில எச்சில் ஊறுதா?”

கேட்டால் யாருக்குத்தான் ஊறாது? அவன் விழுங்கினான். “ஊறுது.”

“வேர்க்குதா?”

“வேர்க்குது. வேர்க்குதும்மா. இதுக்கு மாத்து மருந்து...”

“எமர்ஜென்சில இருக்கு. ஆனா என்ன மருந்து, எத்தனை சொட்டு, எத்தனை நாளா... ஒண்ணு விடாம சொன்னாத்தான் சரியான ஊசி போடுவாங்க. மறைச்சீங்கன்னா டாக்டருக்கு வேலை மிச்சம்.”

கத்திரிக்கோல் தரையில் விழுந்தது. சாவி துவாரத்தில் மூன்று முறை தடுமாறி, நான்காவது முறை நுழைந்தது.

“காப்பாத்துங்க! விஷம்! காப்பாத்துங்க!”

இந்த முறை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஆயா துடைப்பதை நிறுத்தினாள். அந்த அறைக்குள் அலறியவர்கள் உண்டு. கையில் வயரோடு வெளியே ஓடிவந்து அலறியவன் இவன்தான் முதல் ஆள்.

அவன் முதுகை ஒட்டியே சக்கர நாற்காலி பறந்தது.

எமர்ஜென்சி மேஜையில் மருந்தின் பெயரைச் சொன்னான். டப்பாவின் நிறத்தைச் சொன்னான். எந்தத் தேதியிலிருந்து, வேளைக்கு எத்தனை சொட்டு, யாருக்காக... பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிற பையன் மாதிரி மூச்சு விடாமல் ஒப்பித்தான். டியூட்டி டாக்டர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியிலிருந்த ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட் ஏட்டும் குறித்துக்கொண்டார்.

மாற்று ஊசி தையல்காரிக்கு ஏறியது. கூடவே செயற்கை மூச்சு.

“எனக்கு? எனக்குப் போடலியா?” என்று அவன் கதறினான்.

கண்மணி, நாடி, மூச்சு... டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். குதிரை மாதிரி இருந்தான். அவன்தான் விடவில்லை. விஷம், விஷம் என்று டாக்டர் காலைப் பிடித்தான். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். வாளி நிறைந்தது.

வந்ததெல்லாம் காபி. கலப்படமில்லாத, நல்ல காபி.

பன்னிரண்டு நாள் கழித்துத் தையல்காரி அந்த அறைக்கு மறுபடி வந்தாள். நடந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் நடை.

டக். ஒரே மேடு.

“சுத்தமாயிடுச்சுக்கா. இனிமே யார் காபி கொடுத்தாலும் முதல்ல அவங்களைக் குடிக்கச் சொல்லுங்க.”

“அது கிடக்கட்டும். அன்னைக்கு அவரு விஷத்தைக் குடிக்கவே இல்லையே. அப்புறம் எப்படி அவருக்கு ரெண்டு வந்துச்சு?”

“இந்தக் குமிழ் இருக்கு பாருங்க...” ஷாக் அக்காவின் வாய் உற்சாகமாகத் திறந்தது. “இதைத் திருகினா மெஷின் ஒரு தட்டலுக்குப் பதிலா ரெண்டு தட்டும். நடுவுல இமைக்கிற நேரம்கூடக் கிடையாது. கைக்கு ஒண்ணுன்னுதான் தெரியும். ரெண்டு தடவை தட்டினா எந்த நரம்பும் ரெண்டு பதில்தானேக்கா சொல்லும்?”

தையல்காரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடத்தை மனசுக்குள் மடித்து ஓரமாய் வைத்தாள்.

“ரெண்டு ஷாக்குதான் அப்ப.”

“மறுபடி தட்டச் சொன்னாரே, அதையும் சேர்த்தா நாலுக்கா.”

“எவ்வளவு கரண்ட் வெச்சே?”

“உங்களுக்கு வெச்ச அதே அளவுதான்.”

தையல்காரி உச்சுக்கொட்டினாள்.

“அநியாயத்துக்குக் கஞ்சம்மா நீ.”