ஐந்தாம் படத்தின் மேல்தாள்

நேற்று மதியம் வைத்த புதுத் தாளில் மை ஒட்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு முன்பே காய்ந்துபோன மை எப்படி ஒட்டும்?

பழைய புத்தகங்களைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். வீட்டு முன்னறைதான் பட்டறை. இந்த வாரம் வந்தது ஒரு பக்திப் பாடல் புத்தகம். பாட்டுக்கு ஒன்றாக, செப்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி அச்சிட்ட படங்கள். ஒவ்வொன்றின் மேலும், உரசாமலிருக்க ஒரு மெல்லிய தாள். ஐந்தாவது, பிள்ளை வரம் கேட்கும் பாட்டு. படத்திலிருந்த பெண் வெறும் தொட்டிலின் முன் மண்டியிட்டிருந்தாள். தாளில் பதிந்தவளோ எழுந்து நின்றிருந்தாள்.

சந்தேகம் நேராகக் கணவன் மேல் போனது.

"புத்தகத்தைத் தொட்டீங்களா?"

"தொட்டுட்டு உங்கிட்ட வாங்கிக் கட்டிக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

அவன் சிரித்த விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஈரக்கையோடு புரட்டியிருப்பான், கேட்டால் மழுப்புகிறான். வேறு தாள் வைத்து, புத்தகத்தை அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை தாளில் படத்துக்காரி முகத்தைத் திருப்பியிருந்தாள். எதையோ காது கொடுத்துக் கேட்பவள் போல. பக்கத்து அறையில் நாலு வயது மகள் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். இவள் அந்தத் தாளை உருவி எடுத்துவிட்டு, வேறு தாள் வைத்து மறுபடி பூட்டினாள்.

"மாத்துச் சாவி உங்ககிட்ட இருக்கா?"

"உனக்கு என்னடி ஆச்சு?" அவன் இந்த முறை சிரிக்கவில்லை.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போய்விட்டான். சாப்பிட்ட மயக்கத்தில் மகள் உள்ளே தூங்கினாள். மின்விசிறியின் கடகடப்பும் தெருவில் போகும் வண்டிகளின் இரைச்சலும் தவிர வீட்டில் சத்தமில்லை. அலமாரியைத் திறந்ததும் எண்ணெயும் கரியும் கலந்த, காயாத மையின் வாடை முகத்தில் அடித்தது. தாளைப் பிரித்தாள். அதில் படத்துக்காரி இல்லை. ஒரு கதவு மட்டும். கதவில் பூப்போட்ட திரை, ஓரம் கிழிந்து, ஊக்கு குத்தியது.

மகளின் அறைத் திரையில் அந்த ஊக்கைக் குத்தியது இவள்தான்.

உள்ளே ஓடினாள். மகள் கட்டிலில் இருந்தாள். மூச்சு சீராக வந்தது. கணவனை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தையின் தாடைக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. ஜன்னலைத் திறந்தாள். வெயில் நேராகக் கழுத்தில் விழுந்தது.

நிழல் போகவில்லை.

குனிந்தாள். கோடுகள். மயிரிழைக் கோடுகள். செப்புத் தகட்டில் கீறியதுபோல, குறுக்கும் நெடுக்குமாக. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அழியவில்லை.

மெல்லிய கீறல் சத்தம் கேட்டது. குழந்தையின் கன்னத்தில், யாருடைய கையும் தெரியாமல், அடுத்த கோடு விழுந்துகொண்டிருந்தது.